எழுபத்தோராவது நிமிடத்துச் சிரிப்பு

…இல்லை, அது சிரிப்பே இல்லை, உதடு காய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான், ஒரு மணி நேரத்துக்கு மேல் கத்தியதில் மேலுதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது, ஒட்டிய உதட்டைப் பிரிக்க யாராக இருந்தாலும் வாயின் இரண்டு ஓரத்தையும் கொஞ்சம் இழுக்கத்தான் வேண்டும், அப்போது பல் தெரியும், தெரிந்தால் என்ன, டிரம் அடிக்கிறவனுக்குப் பல் தெரியக்கூடாதா… ஆனால் ரொட்டிக்கடை அக்கா பார்த்துவிட்டார். மூன்றாவது வரிசையில், இரும்புத் தூணை ஒட்டிய இடத்தில், விடியுமுன் எழுந்து மாவு பிசைந்துவிட்டு வந்த களைப்போடு நிற்கிற அக்கா. கேலரியில் மற்ற முப்பது பேரும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிரணிக்காரன் அடித்த பந்து எங்கள் வலைக்குள் போய் விழுந்த அந்த நொடியில், அவர் மட்டும் ஏன் என்னைப் பார்த்தார்? யார் அவரை என்னைப் பார்க்கச் சொன்னது? பார்த்தார், நான் சிரித்துக்கொண்டிருந்தேன். இல்லை, உதடு காய்ந்திருந்தது… அவர் வாய் அப்படியே மூடிக்கொண்டது, அதற்குப் பிறகு திறக்கவில்லை. நான் அடித்துக்கொண்டிருக்கிறேன், நீளமாய் இரண்டு, குட்டையாய் மூன்று, நீளமாய் இரண்டு, குட்டையாய் மூன்று, முப்பது வாய்கள் திறந்து திறந்து மூடுகின்றன, ஒரு வாய் மட்டும் பூட்டிக் கிடக்கிறது.

ஒன்பது வருடமாக எங்கள் அணி போட்ட ஒரு கோலைக்கூட நேரில் பார்த்ததில்லை என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை, வாராவாரம் மைதானத்துக்குப் போகிற ஆள்தானே நீ என்பார்கள். போகிறேன், ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். எங்கள் கேலரியில் அதுதான் முறை, கம்பியோடு சேர்த்துக் கட்டிய பழப்பெட்டியின்மேல் டிரம்காரன் ஏறி நிற்கவேண்டும், கூட்டத்தைப் பார்த்து நிற்கவேண்டும், கடைசி விசில் ஊதும்வரை திரும்பக்கூடாது. திரும்பினால் கை ஆட்டத்தோடு போய்விடும், பந்து நம்மிடம் இருந்தால் தாளம் ஓடும், பறிகொடுத்தால் நின்றுவிடும், எப்போது நிற்கக்கூடாதோ அப்போது பார்த்து நிற்கும். அதனால் எனக்கு ஆட்டம் என்றால் முகங்கள்தான். முப்பத்தொரு ஜோடிக் கண்களும் இடப்பக்கம் நகர்ந்தால் பந்து இடப்பக்கம், புருவம் ஏறினால் கார்னர், இரண்டு கையும் தலைக்குப் போனால் மயிரிழையில் தவறிவிட்டது, முதல் வரிசைக்காரர் எழுந்து “ஆம்புலன்ஸ்! ஆம்புலன்ஸ்!” என்று அலறினால் எங்கள் ஆள் ஒருவன் விழுந்துவிட்டான், சட்டையில் தூசி பட்டாலும் அவர் அப்படித்தான் அலறுவார், அதனால் அவர் பெயரே ஆம்புலன்ஸ். என் பெயர் முதுகு. எங்கள் கோல்கீப்பர் ஒருமுறை கடைத்தெருவில் என்னைத் தாண்டிப் போய்விட்டு, சட்டென்று திரும்பிப் பார்த்து, “நீதானே அது, பின்னாலேருந்து பார்த்ததும்தான் தெரிஞ்சுது” என்றார். அன்றைக்கு எவ்வளவு பூரிப்பு எனக்கு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் மூன்று தடவை சொன்னேன், மூன்றாவது தடவை அவள், “சரி, முன்னாலேருந்து நான் பார்த்துக்கறேன், போய்க் குளிங்க” என்றாள்.

கடிகாரத்தில் எழுபத்தாறு. கேலரியின் உச்சியில், எல்லோருடைய தலைக்கும் பின்னால் இருக்கிற பெரிய கடிகாரம், அதை நான் மட்டும்தான் நேராகப் பார்க்கிறேன், அவர்களுக்கு மைதானம், எனக்குக் கடிகாரம். இன்னும் பதினாலு நிமிடம், ஆட்டம் நின்றதற்கு ஈடாகக் கொடுக்கிற இழப்பு நேரம் நாலு என்று வைத்தால் பதினெட்டு. சமன் செய்தால் போதும், ஒரே ஒரு புள்ளி கிடைத்தால் மேல் லீகிலேயே தங்கிவிடலாம். தோற்றால் இரண்டாம் நிலைக்கு இறக்கிவிடுவார்கள், இறங்கினால் இந்தக் கேலரிக்கே பூட்டு, எதிர்ப்பக்கத்துக் கூரை போட்ட கேலரி ஒன்றே போதும், அங்கே டிரம் கொண்டுவரக்கூடாது என்று போன மாதமே நிர்வாகம் வாசலில் நோட்டீஸ் ஒட்டிவிட்டது. அந்த நோட்டீஸை நான் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கிழித்துப்போடக் கை போனது, சத்தியமாகப் போனது. இரண்டாவது தடவை, ஆம்புலன்ஸ் பக்கத்தில் நின்று கெட்ட வார்த்தையாகக் கொட்டிக்கொண்டிருந்தபோது, எனக்கு வேறொன்று புரிந்தது. நான் யாரிடமும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. என்னால் முடியவில்லை, அடுத்த வருடம் வேறு ஆளைப் பாருங்கள் என்று இந்த முகங்களிடம் சொல்லவேண்டியதில்லை. தோற்றால் போதும், அது தானாக நடந்துவிடும், நான் ஒரு துரோகமும் செய்யாமல் வீட்டுக்குப் போய்விடலாம், எல்லோரோடும் சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே போய்விடலாம்… அன்று மனைவியிடம், “கடைசி மேட்ச்ல தோத்தா எல்லாம் முடிஞ்சுது” என்றேன். அவள் கத்தரிக்கோலால் மகளுடைய நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. “அதைச் சொல்றப்ப உங்க குரல் ஏன் இப்படி இருக்கு?” என்றாள். எப்படி இருக்கு என்றேன். “நாளைக்கு ஸ்கூல் லீவுன்னு கேட்ட மாதிரி.” நான் கோபப்பட்டேன். உனக்கு என்ன தெரியும், ஒன்பது வருஷம், அது ஒரு குடும்பம் மாதிரி என்று ஏதேதோ சொன்னேன். அவள் அடுத்த விரலுக்குப் போய்விட்டாள்.

எப்போது ஆரம்பித்தது இது? தோல்வியினால் என்று சொல்ல ஆசைதான், நாலு வருடமாகத் தோற்கிறார்கள், பயிற்சியாளர் மூன்று பேர் மாறிவிட்டார்கள், கேலரியில் நானூறு பேர் இருந்தது இருநூறாகி, எண்பதாகி, இப்போது முப்பத்தொன்று. ஆனால் தோல்விக்காக விலகுகிறவன் நான் இல்லை என்றுதான் எல்லோரிடமும் பேசியிருக்கிறேன், போகிறவர்களைப் பார்த்து, “வெயில் அடிச்சா மட்டும் வர்றவங்க” என்று ஏளனம் செய்திருக்கிறேன், அந்தச் சொல்லைக் கேலரிக்குப் பழக்கிவிட்டவனே நான்தான். இல்லை, தோல்வி இல்லை, ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அடித்துக்கொண்டே, சமையலறைக் குழாய்க்கு எந்த அளவு வளையம் வாங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன், ஆட்டம் முடிந்ததும் யார் ஜெயித்தது என்று எனக்குத் தெரியவில்லை, முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன், அவ்வளவு சின்னதாகத்தான் ஆரம்பித்தது. பிறகு நூலகத்திலிருந்து எடுத்த தடித்த நாவல், எங்கோ பனி பெய்கிற ஊரில் ரயிலுக்குக் காத்திருக்கும் ஒருத்தி, பழைய மேட்ச் டிக்கெட்டைப் படித்த பக்கத்தில் அடையாளமாக வைத்துவிட்டு வருவேன், பெட்டியின்மேல் ஏறியதும் அவள் ரயில் வந்ததா வந்ததா என்றே மனம் போகும். பிறகு அந்த ஏழாம் எண். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. இரண்டு மாதத்துக்கு முன்பு, கூட்டம் சோர்ந்திருந்த நேரம், நான் ஏழாம் எண்காரனுடைய தாளத்தை எடுத்தேன், அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். யாரும் சேரவில்லை. மறுபடி அடித்தேன், இன்னும் சத்தமாக. முதலில் ரொட்டிக்கடை அக்காதான் சேர்ந்தார், பிறகு ஆம்புலன்ஸ், பிறகு ஒவ்வொருவராக, என் முகத்தைப் பார்க்காமல் பாடினார்கள். இடைவேளையில்தான் தெரிந்தது, அவனை வேறு அணிக்கு விற்று ஆறு வாரம் ஆகியிருந்தது. அங்கே இல்லாத ஒருவனுக்காக முப்பது பேர் பாடியிருக்கிறார்கள், எனக்கு வெட்கமாகிவிடக்கூடாதே என்று. அதைவிடப் பச்சையாகத் திட்டியிருக்கலாம்.

எண்பத்திரண்டு. பாடுங்கக்கா, வாயைத் திறங்க, உங்களுக்குத்தான் அடிக்கிறேன், வேகமாக, இன்னும் வேகமாக, கை வலிக்கிறது, வலிக்கட்டும். “சத்தம் பத்தல, முதுகு! இறங்கி அடிய்யா!” என்று ஆம்புலன்ஸ் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும்… ஒருநாள் அவரிடம் கேட்டேன், ஏன்க்கா இங்க வர்றீங்க, விடியுமுன்ன எழுந்த உடம்பு, போய்த் தூங்கலாமே. “கடையில நாள் முழுக்க யார் என்ன சொன்னாலும் ஆமாங்க, சரிங்கன்னே சொல்லிட்டு இருக்கேன் தம்பி, வாரத்துக்கு ஒருநாள் இல்லடா போடான்னு கத்த ஒரு இடம் வேணாமா?” என்று சொல்லிவிட்டு, காகிதப் பையிலிருந்து ஒரு பன்னை எடுத்து என் கையில் திணித்தார், ஒவ்வொரு மேட்சுக்கும் எனக்கென்று ஒன்று கொண்டுவருவார், ஓரம் கருகி விற்காமல் போனதுதான், ஆனால் எனக்கென்று எடுத்துவைத்தது. அந்த அக்காவின் முகத்துக்கு நேரே, அவருடைய அணி கவிழ்கிற நொடியில், நான்… இப்போது அவர் முகத்தில் என்ன இருக்கிறது? நான் முகம் படிக்கிறவன், தொழிலே அதுதான், மூக்குக்கண்ணாடிக் கடையில் காலை முதல் மாலை வரை ஒரு கை தூரத்தில் முகங்கள், சட்டத்தில் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, முதலாவது தெளிவா இருக்கா, ரெண்டாவதா, முதலாவதா, ரெண்டாவதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறவன். வாய் ஒன்று சொல்லும், நெற்றிச் சுருக்கம் வேறொன்று சொல்லும், நான் நெற்றியைத்தான் நம்புவேன். போன வாரம் வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஒவ்வொரு தடவையும் ரெண்டாவது, ரெண்டாவது என்றே சொன்னார், ஒரே வில்லையை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், அப்போதும் ரெண்டாவது. “சார், ரெண்டும் ஒண்ணுதான்” என்றேன். அவர் கூச்சத்தோடு, “எனக்கும் அப்படித்தான் தோணுச்சு, நீங்க இவ்வளவு சிரமப்பட்டு மாத்தறீங்க, ஒண்ணுதான்னு சொன்னா வருத்தப்படுவீங்களோன்னு…” என்றார். இருவரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. ஒன்றுபோலவே இருந்த எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நானும் ரெண்டாவது, ரெண்டாவது என்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்… அக்காவின் நெற்றி சுருங்கியிருக்கிறது. உதடுகள் உள்ளே மடிந்திருக்கின்றன. கசப்பு, வேறென்ன, ஒரு ஆளைத் தெரிந்துகொண்டுவிட்ட கசப்பு. ஆட்டம் முடிந்ததும் எல்லோரிடமும் சொல்வார். சொல்லமாட்டார், அது இன்னும் மோசம், சொல்லாமல் பன்னை மட்டும் நீட்டுவார்.

எண்பத்தெட்டு, திடீரென்று எல்லாப் புருவமும் ஒன்றாக ஏறுகிறது, ஆம்புலன்ஸ் அலறுகிறார், ஆனால் இந்தத் தடவை எல்லோரும் அலறுகிறார்கள், கைகள் எனக்குப் பின்னால் எதையோ சுட்டுகின்றன, விசில், நீளமான விசில், ஒரு நொடி எதுவும் புரியவில்லை, பிறகு முகங்கள் வெளுத்துப்போய் அமைதியாவதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, பெனால்டி. எங்களுக்கு. இந்தப் பாதியில் நாங்கள் நிற்கிற பக்கத்துக் கோலை நோக்கித்தான் எங்கள் ஆட்கள் ஆடுகிறார்கள், அப்படியென்றால் என் முதுகுக்குப் பின்னால், கல்லெறி தூரத்தில், ஒருவன் பந்தைப் புள்ளியில் வைத்துக்கொண்டிருக்கிறான். பெனால்டிக்கு டிரம் நிற்கவேண்டும், அதுவும் முறைதான், உதைப்பவனுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது. நிறுத்தினேன். கை இரண்டும் அநாதையாகிவிட்டன. அடித்துக்கொண்டிருக்கும்வரை நான் டிரம்காரன், நின்றதும் முப்பத்தொரு பேருக்கு முன்னால் பெட்டிமேல் ஏறி நிற்கிற ஒரு ஆள், அவ்வளவுதான். முப்பது பேரும் என்னைத் துளைத்துக்கொண்டு பின்னால் பார்க்கிறார்கள். அக்கா என்னைப் பார்க்கிறார். என்னை மட்டும். இப்போது என் முகம் சரியாக இருக்கவேண்டும், இப்போதாவது, எப்படி இருக்கும் சரியான முகம், கண்ணை மூடிக்கொள்ளவேண்டுமா, வேண்டிக்கொள்வதுபோல உதட்டை அசைக்கவேண்டுமா, முன்பெல்லாம் நான் என்ன செய்வேன், முன்பு முகத்தைப் பற்றி நினைத்ததே இல்லையே… போகட்டும். வெளியே போகட்டும். கம்பத்தில் பட்டுப் போகட்டும், யாருடைய தப்பும் இல்லாமல், காற்றடித்து, புல் வழுக்கி, எப்படியோ. இதை நினைத்தது நான்தான். உதடு காய்ந்ததால் வந்த நினைப்பு இல்லை. இந்த ஒன்பது வருடத்தில் இவ்வளவு தெளிவாக நான் எதையும் விரும்பியதில்லை. அந்தப் பையன், யார் உதைக்கப்போகிறானோ, அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது, என் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், அந்த முதுகு தனக்காகத்தான் விறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு…

முகங்கள் வெடித்தன. இருபது வயது குறைந்தது எல்லோருக்கும், ஆம்புலன்ஸ் பக்கத்திலிருந்தவரின் தொப்பியைப் பிடுங்கி எறிந்தார், யாரோ யார்மேலோ விழுந்தார்கள், என் கை அதற்குள் அடிக்க ஆரம்பித்திருந்தது, நான் சொல்லாமலே, நீளமாய் ஒன்று, நீளமாய் ஒன்று, பிறகு அடைமழை. கைக்குச் சந்தோஷமா, பழக்கமா, யாரிடம் கேட்பது? ஒன்றுக்கு ஒன்று. தங்கிவிட்டோம். அந்தச் சொல் நெஞ்சில் போய் விழுந்தது, தங்கிவிட்டோம், இன்னும் ஒரு வருடம், அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும், பெட்டி, கம்பி, கடிகாரம், ரயிலுக்குக் காத்திருக்கிற அந்தப் பெண் பனியிலேயே நிற்கட்டும். கண்ணில் நீர் வந்துவிட்டது. எதற்கு வந்தது என்று எனக்குத் தெரியும். இழப்பு நேரம் நாலு நிமிடமும் அழுதுகொண்டே அடித்தேன், கடைசி விசில் ஊதியபோது ஆம்புலன்ஸ் கம்பியைத் தாண்டி வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, “அழுவுறான்யா! பாருங்கய்யா, நம்ம முதுகு அழுவுறான்!” என்று எல்லோருக்கும் திருப்பித் திருப்பிக் காட்டினார், சந்தையில் வாங்கிய பொருளைக் காட்டுகிறமாதிரி. அவர் தோளுக்குப் பின்னால், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்கா வந்துகொண்டிருந்தார்.

வரட்டும். இதோ வருகிறது. நானே சொல்லிவிடவேண்டும், அவர் சொல்வதற்கு முன்னால். அக்கா, மன்னிச்சிருங்க, நான் இனிமே… ஆனால் அவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, கரகரவென்று, பாதி காற்றாக, “பெனால்டிக்குக் கத்துனதுல குரலே போயிருச்சு தம்பி” என்றார். “நாம கோல் வாங்குனதும் வாயத் தொறந்தா ஓன்னு அழுதிருவேன்னு இறுக்கி மூடிக்கிட்டேன். பையைக்கூடத் தோள்ல மாட்டிட்டேன், போதும் சாமி, இன்னியோட சரின்னு. அப்பதான் உன்னப் பார்த்தேன். எல்லாரும் எழவு விழுந்த மாதிரி நிக்கறாங்க, நீ ஒருத்தன் சிரிச்சிட்டு நிக்கற! இவனே பயப்படல, நமக்கென்னன்னு பையக் கீழ வச்சேன். அப்புறம் பந்தப் பார்க்கவே தைரியம் இல்ல, உன் மூஞ்சியவே பார்த்துட்டு இருந்தேன்.” “என்னது, சிரிச்சானா?” என்றார் ஆம்புலன்ஸ். “கோல் வாங்குனப்பவா? யோவ், என்ன நெஞ்சுய்யா உனக்கு!” பின்னாலிருந்து யாரோ, நானும் பார்த்தேன், நானும் பார்த்தேன் என்றார்கள், பார்த்திருக்கவே முடியாதவர்கள். நான் வாயைத் திறந்தேன். “அக்கா, அது சிரிப்பு இல்லக்கா. அது வந்து…” சொல்லிவிடு, முட்டாளே, சொல்லிவிடு. முப்பது முகங்கள் அருகே, ஒரு கை தூரத்தில், கடையில் சட்டத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப்போல எனக்காகக் காத்திருந்தன. “…உதடு காஞ்சு போயிருந்துச்சு.” எல்லோரும் சிரித்தார்கள், அக்கா குரல் இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தார், “தன்னடக்கத்தப் பாரேன்!” என்று ஆம்புலன்ஸ் என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். அக்கா காகிதப் பையிலிருந்து பன்னை எடுத்து என் கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டார். இன்று அது கருகியிருக்கவில்லை. “அடுத்த வருஷமும் அதே மாதிரி சிரிக்கணும், கேட்டியா? நாங்க உன்னத்தான் பார்த்துட்டு இருப்போம்.” சரிக்கா என்றேன். சரிக்கா என்றுதான் சொன்னேன்.

ஆட்டக்காரர்கள் வேலிவரை வந்துவிட்டார்களாம், எல்லோரும் கீழே ஓடினார்கள், அக்காவும் பையை அணைத்துக்கொண்டு ஓடினார். நான் பெட்டியிலேயே நின்றேன். பிறகு திரும்பினேன், விசில் ஊதியாயிற்று, திரும்பலாம். மைதானம் நான் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது, மாலை வெயிலில், பெனால்டிப் புள்ளியில் புல் பெயர்ந்து மண் தெரிந்தது. பெயர் தெரியாத அந்தப் பையன், எல்லோரும் எட்டி எட்டி அவன் தோளைத் தட்டியதில்தான் அவன் என்று தெரிந்தது, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று முகங்களையெல்லாம் தாண்டி மேலே தேடிக்கொண்டிருந்தான், அவன் தேடியது ஒரு முதுகை, என்னைக் கண்டுகொள்ளவில்லை. கன்னத்தில் தசை இழுத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், வாயின் இரண்டு ஓரமும் மேலே ஏறியிருந்தன. எழுபத்தோராவது நிமிடத்தில் வந்த அதேதானா, இல்லை முன்பு ஒருகாலத்தில் எனக்கு வந்துகொண்டிருந்ததா… முதலாவதா, இரண்டாவதா… பார்த்துச் சொல்ல எதிரே ஒரு முகம்கூட இல்லை.